மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியை முடிவுசெய்த கூட்டங்கள்

2015 அக்டோபர் 8 அன்று ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் மைக்கேல் ஹார்ன் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு சாட்சி சொன்னார். புகைச் சோதனையின்போது மட்டும் விதிக்கு அடங்கும் மோசடி மென்பொருள் டீசல் கார்களுக்குள் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, தனக்குத் தெரிந்தவரை அது நிறுவனத்தின் முடிவல்ல, ஏதோ காரணத்துக்காக ஓரிரு மென்பொருள் பொறியாளர்கள் செய்த வேலை என்றார். பதினைந்து மாதம் கழித்து, 2017 ஜனவரியில், அதே நிறுவனம் அமெரிக்க நீதித்துறையுடன் குற்ற ஒப்புதல் உடன்பாடு செய்துகொண்டது. அதோடு இணைத்த உண்மை விவர அறிக்கையையும் சரி என்று ஏற்றுக் கையெழுத்திட்டது. அந்த அறிக்கையில் தன்னந்தனியாக உட்கார்ந்து நிரல் எழுதி ஏமாற்றிய ஆள் யாரும் இல்லை. கூட்டங்கள் இருக்கின்றன. யார் விளக்கினார், யார் ஆட்சேபித்தார், யார் தலைமை தாங்கினார், என்ன முடிவோடு எழுந்து போனார்கள் என்பதெல்லாம் இருக்கிறது.

ஒரு குழு எப்படிப் பொய்யை முடிவுசெய்கிறது என்று படிக்க இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது. மோசடியின் தொழில்நுட்பம் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. இங்கே கூட்டங்களை மட்டும் வரிசையாகப் பார்க்கிறோம்.

சிக்கல் என்ன

2006 வாக்கில் ஃபோக்ஸ்வாகன், இஏ 189 என்ற 2 லிட்டர் டீசல் எஞ்சினை அமெரிக்கச் சந்தைக்கு ஏற்ப வடிவமைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க விதிப்படி ஒரு மைலுக்கு 0.07 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுதான் வெளியே வரலாம். கிலோமீட்டர் கணக்கில் அது 0.043 கிராம். அப்போது ஐரோப்பாவில் அமலில் இருந்த யூரோ 4 விதி டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை விட்டுக்கொடுத்தது. கிட்டத்தட்ட ஆறு மடங்கு இறுக்கமான இலக்கு.

முதல் தலைமுறைக் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்துவைக்கும் பொறி ஒன்று புகைக்குழாயில் இருந்தது. அது நிரம்பியதும் எஞ்சின் சிறிது நேரம் கூடுதல் டீசல் எரித்து அதைக் காலிசெய்ய வேண்டும். எரிபொருள் செலவு கூடும், கரியும் கூடும். கரி போய்ச் சேரும் இடம் கரித்துகள் வடிகட்டி. வடிகட்டி அடிக்கடி நிரம்பினால், அந்தக் கரியை அதிக வெப்பத்தில் எரித்துச் சுத்தம் செய்வதும் அடிக்கடி நடக்கும். வடிகட்டி சீக்கிரம் பழுதாகும். ஆக, விதியை உண்மையாகவே நிறைவேற்றினால் வடிகட்டி தாங்காது. வடிகட்டியைக் காப்பாற்றினால் விதி நிறைவேறாது. வேறு வன்பொருளுக்குப் போகலாம், காலம் கேட்கலாம், அமெரிக்க டீசல் திட்டத்தையே கைவிடலாம். எல்லாம் செலவு பிடிக்கும் வழிகள், ஆனால் நேர்மையான வழிகள்.

தேர்ந்தெடுத்தது வேறொன்று. சான்றிதழ்ச் சோதனையில் காரை உருளைகள் மேல் நிறுத்தி, எல்லோருக்கும் தெரிந்த ஒரே கால அட்டவணைப்படி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம், பின்னாளில் ஸ்டீயரிங் நிலை ஆகியவற்றை வைத்து, கார் உருளை மேல் நிற்கிறதா சாலையில் போகிறதா என்று மென்பொருள் கண்டுபிடிக்கும். உருளை என்றால் முழுக் கட்டுப்பாடு, சாலை என்றால் தளர்வு. இந்த இரட்டை முறைக்கான மென்பொருளை குழுமத்தின் ஆவுடி (Audi) பிரிவின் எஞ்சின் வேலையிலிருந்து எடுத்துத் தழுவினார்கள்.

2006 நவம்பர்: ஆட்சேபம் எழுந்த கூட்டம்

இந்தக் கதையைப் பொதுவாகச் சொல்கிறவர்கள் பயத்தில் தொடங்குவார்கள்: கண்டிப்பான தலைமை, எட்ட முடியாத இலக்கு, வாய் திறக்காத பொறியாளர்கள். ஆவணம் சொல்வது அப்படியில்லை. 2006 இலையுதிர் காலத்தில் கீழ்நிலைப் பொறியாளர்கள், தங்கள் மேலாளர்களின் ஆதரவோடேயே, இந்த மென்பொருள் முறையா என்று கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வி எஞ்சின் மேம்பாட்டின் மேல்மட்டம் வரை போனது. நவம்பரில் ஒரு கூட்டம் நடந்தது. மென்பொருள் எதற்கு, எப்படி வேலை செய்யும் என்று அங்கே விளக்கினார்கள். அறிக்கை ‘மேற்பார்வையாளர் அ’ என்று குறிப்பிடும் அதிகாரி, திட்டம் தொடரட்டும் என்று முடிவெடுத்தார். மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட, இருந்தவர்களுக்கு ஓர் அறிவுரையும் சொன்னார்.

இந்த ஒரு கூட்டத்தில் கவனிக்க வேண்டியவை நிறைய. முதலாவது, ஆட்சேபம் போய்ச் சேர்ந்த இடம். அமெரிக்க டீசலை வெளியே கொண்டுவரும் பொறுப்பு யாருடையதோ, அவரிடமே “இது சரியா?” என்ற கேள்வியும் போனது. சான்றிதழ், சட்டம், தணிக்கை என்று வேறு கதவு எதையும் அது தட்டியதாக அறிக்கையில் இல்லை.

இரண்டாவது, மேசைக்கு வந்த கேள்வியின் வடிவம். “அரசிடம் பொய் சொல்லலாமா?” என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினம். “திட்டத்தைத் தொடரலாமா?” என்பது பொறியியல் கூட்டங்களில் தினமும் கேட்கும் கேள்வி, அதற்கு ஆம் சொல்லிப் பழகியவர்கள்தான் அங்கே இருந்தார்கள். உண்மையில் முதல் கேள்விக்கு ஒரு படிவமே இருந்தது. சோதனைக்கு வெளியே கட்டுப்பாட்டைக் குறைக்கும் எந்த ஏற்பாட்டையும் சான்றிதழ் விண்ணப்பத்தில் பட்டியலிட்டு, அதற்குக் காரணமும் எழுத வேண்டும் என்பது அமெரிக்க விதி. நிறுவனம் கொடுத்த விண்ணப்பங்களில் இந்த மென்பொருள் இடம்பெறவில்லை.

மூன்றாவதுதான் எங்கள் பார்வையில் முக்கியம். ஆட்சேபித்தவர்கள் ஆட்சேபித்ததாலேயே குழுவோடு கட்டுண்டார்கள். மேலே சொல்லியாகிவிட்டது, மேலிடமும் கேட்டுக்கொண்டது, முடிவும் வந்துவிட்டது. இனி மனச்சாட்சியின் கணக்கு முடிந்தது போல ஓர் உணர்வு வரும். கூடவே, விவரம் தெரிந்தும் அறையில் இருந்தவர் என்ற பட்டியலில் பெயரும் ஏறிவிட்டது. அடுத்த மாதம் வெளியே போய்ப் பேசினால், “அன்றே உனக்குத் தெரியுமே, ஏன் வேலையைத் தொடர்ந்தாய்?” என்ற கேள்வி முதலில் அவர் மேல்தான் பாயும். வாய் மூடியிருந்தவரைவிட வாய் திறந்து தோற்றவருக்கே வெளியேறும் வழி குறுகலாகிப்போனது.

உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1970களில் முன்வைத்த ‘குழுச்சிந்தனை’ என்ற கருத்தை இந்த மோசடிக்குப் பொருத்துவது வழக்கம். மாற்றுக் கருத்தே எழாமல், ஒற்றுமை குலையக்கூடாது என்று குழு தவறான முடிவுக்கு நழுவுவதை அது விளக்குகிறது. இங்கே மாற்றுக் கருத்து எழுந்தது, ஒருமுறைக்கு மேல் எழுந்தது. 2007 முழுக்கத் தொழில்நுட்பச் சிக்கல்கள் தொடர்ந்தன. அமெரிக்க உமிழ்வு விதியை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர்களுக்குள் கருத்து மோதல். அந்த ஆண்டு அக்டோபர் 5 அன்று நடந்த கூட்டத்தில் வாக்குவாதம் சூடாகவே நடந்தது. தலைமை அதே மேற்பார்வையாளர் அ. மென்பொருள் இல்லாமல் அமெரிக்கச் சோதனையில் தேற முடியாது என்று தெரிந்தே, தொடர அனுமதி கொடுத்தார். ‘பிறழ்வு மெல்ல மெல்ல இயல்பாகிவிடுவது’ என்ற விளக்கமும் இங்கே பாதிதான் பொருந்தும். தவறு என்றே தெரியாமல் நழுவியவர்களுக்கு ‘மாட்டிக்கொள்ளாதே’ என்று சொல்லத் தேவையிருக்காது.

ஆய்வகம் சொல்வது

கூட்டமாகச் சேர்ந்தால் ஏன் பொய் எளிதாகிறது? இரண்டு சோதனைகள் இந்த வழக்குக்கு நன்றாகப் பொருந்துகின்றன.

ஓரி வெய்செல், ஷவுல் ஷால்வி இருவரும் 2015இல் வெளியிட்ட சோதனையில் ஆட்கள் இருவர் இருவராக விளையாடினார்கள். முதலாமவர் தனியாகப் பகடை உருட்டித் தன் எண்ணைச் சொல்வார். அதைப் பார்த்த பிறகு இரண்டாமவர் உருட்டித் தன் எண்ணைச் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால் இருவருக்கும் பணம். நேர்மையாக ஆடினால் எண்கள் ஒத்துப்போகும் வாய்ப்பு 16.7 விழுக்காடு. லாபம் சமமாகப் பிரிந்தபோது பங்கேற்றவர்கள் சொன்னது 81.5 விழுக்காடு. இருவரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் பெரிய எண்ணை வைத்து வழி திறந்தார், மற்றவர் அதை நிறைவுசெய்தார். அவரவர் பார்வையில் தன் பங்கு சின்னதுதான்.

மார்ட்டின் கோச்சர், சிமியோன் ஷூடி, லிசா ஸ்பான்டிக் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. அதில் தனியாட்களைவிடக் குழுக்கள் தெளிவாக அதிகம் பொய் சொன்னார்கள். லாபம் பொதுவாக இருந்தாலும் தனித்தனியாக இருந்தாலும் அந்த ஏற்றம் வந்தது. காரணம் பேச்சு. குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, நேர்மைக்கு ஆதரவான வாதங்களைவிடப் பொய்க்கு ஆதரவான வாதங்களே அதிகம் பரிமாறப்பட்டன. பேசி முடிக்கும்போது, நேர்மை என்ற விதி இங்கே எந்த அளவுக்குச் செல்லும் என்ற கணிப்பே மாறிவிட்டது. ‘நன்றாக விவாதித்தால் நல்ல முடிவு வரும்’ என்று நம்பும் மேலாளர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஃபோக்ஸ்வாகனில் வேலை பிரிந்து கிடந்த விதம் அந்தப் பகடைச் சோதனையை நினைவூட்டுகிறது. ஒரு பிரிவு மென்பொருளை அமைத்தது. இன்னொரு பிரிவு எஞ்சினை அதற்கேற்பச் சரிசெய்தது. சான்றிதழ் அலுவலர்கள் விண்ணப்பம் நிரப்பினார்கள். விளம்பரப் பிரிவு ‘தூய டீசல்’ என்று விற்றது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

2012: பொய்யைப் பழுதுபார்த்தார்கள்

பயம் என்ற விளக்கம் முழுதாக உடைவது இங்கேதான். விற்ற கார்களில் வன்பொருள் பழுதுகள் வரத் தொடங்கின. பொறியாளர்களின் ஊகம்: சாலையில் ஓடும்போதும் சில கார்கள் சோதனை முறையிலேயே நின்றுவிடுகின்றன; நீண்ட நேரம் ஓடுவதற்கு அமைக்காத அந்த முறை புகைக்குழாய் உறுப்புகளைத் தேய்க்கிறது. அதாவது வாடிக்கையாளர் புகாருக்கு மூலகாரணம் மோசடி மென்பொருளே.

குழுவுக்கு இது இரண்டாம் வாய்ப்பு. ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொய்யின் விலை இப்போது கைக்கு அகப்படும் பழுதாக மேசைக்கு வந்தது. 2012 ஜூலை வாக்கில் பொறியாளர்கள் இரண்டு மேலதிகாரிகளைத் தனித்தனிக் கூட்டங்களில் சந்தித்து, மென்பொருளின் இயக்கத்தை ஓர் ஆவணத்தின் துணையோடு விளக்கினார்கள். இருவரும் மறைப்பைத் தொடரவே ஊக்கினார்கள். விளக்கப் பயன்பட்ட ஆவணத்தை அழித்துவிடுமாறும் சொன்னார்கள்.

அடுத்து நடந்தது திறமையான பொறியியல். கார் இனி சாலை முறையில் கிளம்பும்; சோதனை என்று உறுதியான பிறகே சோதனை முறைக்கு மாறும். அந்த உறுதியைக் கூட்ட, ஸ்டீயரிங் திரும்பும் கோணத்தைக் கவனிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். உருளை மேல் நிற்கும் காரில் ஸ்டீயரிங் திரும்பாதல்லவா! ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் பராமரிப்பு மேம்பாடு என்ற பெயரில் இது போய்ச் சேர்ந்தது. பணம் கட்டிய வாடிக்கையாளர், தன் காரின் பொய்யைக் கூர்மையாக்க அதைத் தானே பணிமனைக்கு ஓட்டிவந்தார்.

இந்தக் கட்டத்தில் குழுவுக்குள் நடந்த மாற்றம் வார்த்தைகளில் தெரியும். 2006இல் கேள்வி ‘இது முறையா?’ 2012இல் கேள்வி ‘இது ஏன் சரியாக வேலை செய்யவில்லை?’ ஒருமுறை முடிவான பொய் அதற்குப் பிறகு பிழைத்திருத்தப் பட்டியலில் ஒரு வரிசை எண்ணாகிவிடுகிறது. அங்கே ஆட்சேபிக்க யாருக்கும் தோன்றாது. தீர்வு கண்டவருக்குப் பாராட்டுதான் வரும்.

2014–15: நேர்மையாக இருக்கலாமா என்ற கேள்வி

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பன்னா, மார்க் பெஷ் ஆகியோர் இருந்த குழு, எடுத்துச் செல்லத்தக்க அளவீட்டுக் கருவியைக் காரின் பின்புறம் ஏற்றிச் சாலையில் ஓட்டியது. 2014 மே மாதம் வெளியான முடிவு: ஒரு ஜெட்டா காரில் வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு, ஒரு பசாட் காரில் 5 முதல் 20 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு. பசாட் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பியிருந்தது.

அதே வசந்த காலத்தில் அமெரிக்க விதிமுறைப் பிரிவில் இருந்த ஓர் அதிகாரி சக ஊழியருக்கு எழுதிய மின்னஞ்சல் பின்னர் நீதிமன்ற ஆவணமானது. நாம் நேர்மையாக இருக்கப்போகிறோமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் எல்லாம் இப்படியே தொடரட்டும் என்பது அதன் சாரம். நேர்மை என்பது அங்கே குழு கூடித் தேர்ந்தெடுக்கும் விருப்பங்களில் ஒன்றாகியிருந்தது. தேர்ந்தெடுத்ததும் தெரிந்ததே. விளக்கங்கள் மாறிமாறிப் போயின. 2014 டிசம்பரில் மென்பொருள் மேம்பாடு என்று கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கலிஃபோர்னியா மாநிலத்தின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுபடி அளந்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. 2016 மாடல் டீசல் கார்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று வாரியம் நெருக்கியது.

2015 ஆகஸ்ட் 19 அன்று வாரிய அதிகாரிகளோடு நடந்த சந்திப்பில் ஓர் ஊழியர், மேலிட உத்தரவுக்கு நேர் எதிராக, கார்கள் உருளையில் ஒரு விதமாகவும் சாலையில் வேறு விதமாகவும் நடக்கின்றன என்பதைச் சொல்லிவிட்டார். அரசுத் தரப்புக்கு நிறுவனத்திலிருந்து போன முதல் உண்மை அது. பல கூட்டங்களில் பலர் ஆட்சேபித்தும் அசையாத விஷயம், அந்தக் கூட்டங்களுக்கு வெளியே ஒருவர் நேராகச் சொன்னதும் முடிந்துபோனது. செப்டம்பர் 3 அன்று நிறுவனம் முறைப்படி ஒப்புக்கொண்டது, 18 அன்று செய்தி உலகுக்கு வந்தது.

இடையில் இன்னொரு கூட்டுச் செயல். ஆவணங்களைப் பாதுகாக்கும்படி சட்டப் பிரிவின் அறிவிப்பு வரப்போகிறது என்ற தகவல் முன்கூட்டியே பரவியது. ஃபோக்ஸ்வாகன், ஆவுடி இரண்டிலும் சேர்த்துச் சுமார் 40 பேர் ஆயிரக்கணக்கான ஆவணங்களை அழித்தார்கள். 2006 கூட்டத்தில் இருந்தவர்கள் எத்தனை பேராக இருந்தாலும், இந்த எண்ணிக்கைக்கு அருகில் வந்திருக்க வாய்ப்பில்லை.

விலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 5,90,000 கார்கள், உலகெங்கும் சுமார் 1.1 கோடி. அமெரிக்கக் குற்றவியல் அபராதம் மட்டும் 280 கோடி டாலர். அந்த மின்னஞ்சலை எழுதியவருக்கு ஏழு ஆண்டுச் சிறை. ஆரம்பத்திலிருந்தே மென்பொருளில் வேலை செய்து, பின் ஒத்துழைத்த பொறியாளருக்கு 40 மாதம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் 2025 மே மாதம் நான்கு முன்னாள் மேலாளர்களைக் குற்றவாளிகள் என்றது. இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த 500 கோடி ரூபாய் அபராதத்தின் மீது உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு

எஞ்சின் ஆலை, வங்கி, மருந்து நிறுவனம், தணிக்கை அலுவலகம் எதுவானாலும் இந்த வழக்கிலிருந்து எடுத்துச் செய்யக்கூடியவை உண்டு. அறநெறிப் பயிற்சி வகுப்பு அவற்றில் இல்லை. 2006 நவம்பரில் அறையில் இருந்தவர்களுக்கு எது தவறு என்று தெரிந்தே இருந்தது.

கேள்வியை எழுதி மேசையில் வையுங்கள். அதுவும் வெளியாள் படிக்கும் வடிவத்தில். “இந்த அம்சம் விண்ணப்பத்தில் இடம்பெறுகிறதா, எந்த வாசகத்தில்?” என்ற ஒற்றை வரி போதும். ‘தொடரலாமா’ என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். இதைச் செய்யும் இடங்களிலும் பொதுவாகக் கெட்டுப்போவது எங்கே என்றால், வாசகத்தை எழுதும் பொறுப்பைத் திட்டத் தலைவரிடமே விட்டுவிடுவதில். சான்றிதழ் வேலையைச் செய்பவர், வெளியீட்டுத் தேதிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்கக் கூடாது.

தலைவர் வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாக எழுதிக் கொடுக்கட்டும். கோச்சர் குழுவின் முடிவு சரியென்றால், கெடுப்பது பேச்சுதான். பேச்சுக்கு முந்தைய கருத்து காகிதத்தில் நின்றுவிட்டால் அது நழுவிய தூரம் பின்னால் தெரியும். அந்தத் தாள்களைத் தொகுப்பவர் அதே அதிகார வரிசையில் இல்லாதவராக இருப்பது அவசியம். இல்லையென்றால் இரண்டாம் முறையிலிருந்து எல்லாத் தாளிலும் ஒரே பதில்தான் வரும்.

ஆட்சேபித்துத் தோற்றவரிடம் அதே வேலையை ஒப்படைக்காதீர்கள். கேட்க மென்மையாக இருந்தாலும் இது கடினமான விதி. ஏனெனில் பெரும்பாலும் அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்தச் சிரமமே நல்ல எச்சரிக்கை மணி. வேறு ஆளைத் தேடும்போது முடிவைப் புதிதாக ஒருவருக்கு விளக்க வேண்டிவரும்.

பழுது வரும்போது மூலகாரணக் கட்டத்தில் எழுதியதும் வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதமும் ஒத்துப்போகின்றனவா என்று மூன்றாம் ஆள் ஒப்பிட வேண்டும். 2012 போன்ற தருணத்தைப் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒத்துப்போகவில்லை என்றால் பழைய முடிவு தானாகவே மறுபரிசீலனைக்குப் போக வேண்டும், பழைய குழுவிடம் அல்ல.

ஆவணப் பாதுகாப்பு அறிவிப்பில் வரிசை முக்கியம். முதலில் சர்வரில் அழிக்கும் உரிமையை முடக்குங்கள், காப்புப் பிரதியை எடுங்கள், அதன் பிறகே மின்னஞ்சல் அனுப்புங்கள். அறிவிப்பு முன்னால் போய், முடக்கம் பின்னால் வந்தால் இடைப்பட்ட நேரம் முழுவதும் குழுவின் கையில் இருக்கும்.

இவை எல்லாம் இருந்தும் உறுதியான குழு ஒன்று சுற்றிப் போய்விடலாம். அதனால் சோதனையையே கூட்டத்தின் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தியதுதான் இந்த வழக்கின் நடைமுறை விளைவு. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து புதிய கார் வகைகள் எடுத்துச் செல்லத்தக்க கருவியோடு சாலையிலும் சோதிக்கப்படுகின்றன; முதலில் ஆய்வக வரம்பைவிட 2.1 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுக்குச் சலுகை இருந்தது, பிறகு அது 1.43 ஆகக் குறைந்தது. இந்தியாவில் பிஎஸ் 6 உமிழ்வு விதியின் இரண்டாம் கட்டத்தோடு 2023 ஏப்ரலில் அதே மாதிரி சாலைச் சோதனை வந்தது. சாலையில் ஓடும் காருக்கு, தன்னை யாரோ அளக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க உருளையும் கிடையாது, அசையாத ஸ்டீயரிங்கும் கிடையாது.